கடலில் விழுந்த போன்

தம்பியின் வேலைக்கு உலை வைக்க வேண்டும் என்று சிவனேஸ்வரி கனவிலும் நினைத்தவள் இல்லை. அவள் செய்ததெல்லாம் முகம் தெரியாத ஓர் அதிகாரியிடம் மரியாதையாகச் சுகம் விசாரித்ததுதான். சுகம் விசாரித்தால் ஒருவனுடைய பிழைப்பில் மண் விழும் என்று உருத்திரபுரத்தில் யாருக்குத்தான் தெரிந்திருக்கும்?

எல்லாம் ஒரு போனால் வந்தது. அவளுடைய தம்பி கோகுலன் நோர்வேயில் ஒரு மீன் கொம்பனியில் மேற்பார்வையாளன். ஆடி மாத விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன், திரும்பிப் போகிற அன்று, விமான நிலையத்துக்குப் போகிற வான் வாசல் படலையில் நின்று ஹோர்ன் அடித்துக்கொண்டிருக்க, சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து அக்காவின் கையில் திணித்தான்.

"வைச்சிருங்கோ அக்கா. எனக்குப் புதுசு ஒண்டு இருக்கு."

"எனக்கென்னத்துக்கடா இது?" என்று முறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் வாங்கிக்கொண்டாள். வீட்டில் இருந்தது கணவர் செல்வநாயகத்தின் பழைய போன் மட்டும்தான். அதில் திரை வெடித்து, உள்ளே இடமும் நிரம்பி, புதிதாக ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் யாருடையவோ கலியாணப் படத்தை அழிக்க வேண்டிய நிலை. தம்பி தந்த போனோ பளபளவென்று இருந்தது. செல்வநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில முகம் பார்த்துச் சவரமே செய்யலாம் போல கிடக்கு" என்றார்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகுதான் போனின் குணம் தெரிய வந்தது. படம் எடுத்தது, கதைக்க விட்டது, வலைப்பக்கங்களை வாசிக்கக் காட்டியது. ஆனால் எங்கிருந்தாவது ஒரு கோப்பை இறக்கி உள்ளே வைத்துக்கொள்ளப் பார்த்தால் மட்டும், வாசலில் நிற்கிற காவற்காரனைப் போலக் கையை நீட்டி மறித்தது.

மகள் கிருசாந்தி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். உயிரியல் பாடத்துப் பழைய வினாத்தாள்கள் எல்லாம் ஒரு வலைத்தளத்தில் சும்மா கிடக்கின்றன. அவர்கள் வீட்டில் கோல் எடுத்துக் கதைக்கிற அளவுக்குத்தான் சிக்னல். இன்டர்நெட் வேண்டுமென்றால் வாய்க்கால் மதகுக்குப் போய் அதன் கட்டின் மேல் ஏறி இருக்க வேண்டும். மதகில் இருந்து வினாத்தாளைப் பார்க்கலாம்தான். ஆனால் கொளுத்துகிற வெயிலில், மாடு போகிற வழியில் இருந்து யார் படிப்பது? இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால்தான் படிப்பு. அதைத்தான் அந்தப் போன் விடமாட்டேன் என்றது.

திரையில் வந்த நோர்வே எழுத்தைக் கிருசாந்தி அப்பாவின் போன் கமராவுக்குக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தாள்.

"அம்மா, இது மாமான்ர கொம்பனி போன். அவையள் பூட்டி வைச்சிருக்கினம். 'உங்கள் நிறுவனம் இந்தக் கோப்பைத் தரவிறக்க அனுமதிப்பதில்லை. அனுமதி கோர விரும்பினால் காரணத்தை இங்கே எழுதவும்' எண்டு கிடக்கு. கீழ ஒரு பெட்டி. விடுங்கோ, இது சரிவராது."

சிவனேஸ்வரியின் காதில் முற்பாதி விழவேயில்லை.

"காரணம் எழுதுற பெட்டியோ?" என்றாள். "எங்க, காட்டு பாப்பம்."

அனுமதி கேட்டு எழுதுவதில் அவளை வெல்ல அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. வன்னியில் யுத்த காலத்தில் எதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. வவுனியாவுக்குப் போக ஒரு பாஸ், ஒரு பை சீமெந்துக்கு ஒரு துண்டுச் சீட்டு, டோர்ச்சுக்குப் பற்றரி கொண்டுவர ஒரு கையெழுத்து. அப்போதே ஒழுங்கை முழுவதற்கும் மனு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். பிறகு முகாமில் தண்ணீருக்கும் ஆஸ்பத்திரிக்கும் எழுதினாள். ஊர் திரும்பிய பின் வீட்டுத்திட்டத்துக்கும் கிணற்றுக்கும் காணிப் பேர்மிட்டுக்கும் எழுதினாள். ஆட்சி யாருடையதாக இருந்தாலும் ஒரு மேசையும் அதற்குப் பின்னால் ஓர் ஆளும் இருந்தார்கள். அந்த ஆளுக்கும் வயிற்றுக்குத்து வரும், வீட்டில் பிரச்சினை இருக்கும் என்பது அவள் அனுபவத்தில் கண்டது. அதனால் சுகம் கேட்காமல் அவள் ஒரு மனுவையும் தொடங்கியதில்லை. தான் இன்னாருடைய ஆள் என்று சொல்லாமல் விஷயத்துக்குப் போனதும் இல்லை.

"'படிப்புக்கு' எண்டு ஒரு சொல் போட்டால் காணும் அம்மா" என்றாள் கிருசாந்தி.

"மொட்டையா எழுதினால் ஆர் தருவினம்? தள்ளு அங்கால."

மதகுக் கட்டில் இருந்து அவள் எழுதினாள். 'மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க எங்கள் ஊர்ப் பிள்ளையாரை வேண்டுகிறேன். அங்கே குளிர் அதிகம் என்று அறிகிறேன். உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். நான் தங்கள் கொம்பனியில் வேலை செய்யும் கோகுலனின் மூத்த சகோதரி. இந்தப் போனை எனக்கு அன்பளிப்பாகத் தந்தவரும் அவரே. எனது மகள்...'

அதோடு பெட்டி நிறைந்துவிட்டது. மகள் என்ன செய்கிறாள் என்று சொல்ல இடமில்லை. சிவனேஸ்வரி அசரவில்லை. அதை அனுப்பிவிட்டு, அதே வினாத்தாளை மறுபடி அழுத்தி, மறுபடி பெட்டி வந்ததும், 'தொடர்ச்சி' என்று தலைப்புப் போட்டு மீதியை எழுதினாள். 'தொடர்ச்சியின் தொடர்ச்சி'யில்தான் 'தங்கள் உண்மையுள்ள செ. சிவனேஸ்வரி' என்று போட இடம் கிடைத்தது.

கிருசாந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா, உதை ஒரு மெஷின்தான் வாசிக்கும்."

"மெஷினுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கும்" என்றாள் சிவனேஸ்வரி.

அடுத்த நாள் மதகில் போனைத் திறந்தபோது பதில் வந்திருந்தது. ஒரேயொரு சொல். கிருசாந்தி மொழிபெயர்த்துப் பார்த்தாள். 'அங்கீகரிக்கப்பட்டது.' வினாத்தாளை அழுத்தினாள். அது சத்தமில்லாமல் இறங்கி உள்ளே வந்து உட்கார்ந்தது. அன்று வீடு திரும்பும்போது சிவனேஸ்வரியின் நடையே வேறாக இருந்தது. கச்சேரியில் அரசாங்கக் காரியம் முடித்துக்கொண்டு வருகிற நாளில் அவளுக்கு வருகிற நடை அது.

செய்தி ஒழுங்கையில் பரவ நேரம் எடுக்கவில்லை. பக்கத்து வளவுக் கமலாசனி தன் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் கியரைக் கழற்றிப் பூட்டுகிற வீடியோ ஒன்று வேண்டுமென்று வந்தாள். 'கமலாசனி எனது அயலவர், நேர்மையானவர், விதைப்புக்கு முன் இவரது லாண்ட்மாஸ்டர் ஓட வேண்டியது மிக அவசியம்' என்று சிவனேஸ்வரி எழுத, அதுவும் அங்கீகரிக்கப்பட்டது. செல்வநாயகத்துக்காக நெல்லின் இலைச்சுருட்டிப் புழு பற்றிய கையேடு இறங்கியது. கமலாசனியின் மகன் கேட்ட புதுச் சினிமாப்படம் மட்டும் நிராகரிக்கப்பட்டது. "பாத்தியே, நியாயமான ஆள்" என்று அதற்கும் சிவனேஸ்வரி மெச்சினாள்.

ஒவ்வொரு மனுவிலும் முதல் வரி சுகம் விசாரிப்பதுதான். அந்தப் பக்கத்தில் இருந்து அதற்கு ஒரு வார்த்தை வந்ததில்லை. திடீரென்று ஒரு நாள் வந்தது, தமிழிலேயே. மெஷின் மொழிபெயர்த்த தமிழ்.

'அங்கீகரிக்கப்பட்டது. நீங்கள் எப்போதும் என் நலனைக் கேட்கிறீர்கள். இங்கே யாரும் கேட்பது இல்லை. நான் நலம். எனது முழங்கால் நலம் இல்லை. இங்கர்.'

சிவனேஸ்வரி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். இங்கர் என்பது பெண் பெயர் என்று கிருசாந்தி தேடிச் சொன்னாள். "பாவம், மனிசிக்கு முழங்காலாம்" என்று செல்வநாயகத்திடம் சொன்னாள். அடுத்த மனுவில் பாதிப் பெட்டிக்கு மேல் நொச்சியிலை போய்விட்டது. இலையை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தணம் கொடுக்க வேண்டும், நொச்சி அங்கே கிடைக்காவிட்டால் கல்லுப்பு, ஈர நிலத்தில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. எந்தக் கோப்புக்கு அனுமதி வேண்டும் என்று ஒரு ஓரத்தில் நாலு சொல்லில் எழுதியிருந்தாள். அன்றிலிருந்து 'ஐயா அல்லது அம்மா' போய் 'அன்புள்ள இங்கர் அம்மா' வந்தது.

இப்படி எல்லாம் சந்தோசமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கோகுலன் கோல் எடுத்தான். வழக்கமான இன்டர்நெட் கோல் இல்லை, காசு போகிற கோல். சிவனேஸ்வரி குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என்ன வேலை செய்து வைச்சிருக்கிறீங்கள்?"

"என்னடா தம்பி?"

"கொம்பனியில எல்லாருக்கும் புது போன் தந்தவை அக்கா. பழசைத் திருப்பிக் குடுக்க வேணும். நான் அது வள்ளத்தில இருந்து கடலுக்குள்ள விழுந்திட்டுது எண்டு எழுதிக் குடுத்தனான். இப்ப புது மனேச்சர் வந்து எல்லாத்தையும் கிண்டிப் பாக்கிறார். கடலுக்குள்ள கிடக்கிற போன் இலைச்சுருட்டிப் புழுவைப் பற்றிப் படிக்குதாம்! லாண்ட்மாஸ்டர் திருத்துதாம்! எல்லாத்துக்கும் கீழ 'நான் கோகுலனின் மூத்த சகோதரி' எண்டு வேற கிடக்காம்!"

சிவனேஸ்வரி கையில் இருந்த தேங்காய்ப் பாதியைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கிழமை விசாரிக்கக் கூப்பிட்டிருக்கினம். இஞ்ச களவெடுத்தாலும் கதைச்சுத் தீர்க்கலாம் அக்கா. எழுத்தில பொய் சொன்னால் வேலை போச்சு. பிள்ளையள் ரெண்டும் பள்ளிக்கூடம் போகுதுகள். இந்த வயசில நான் எங்க போய் வேற வேலை தேடுறது?"

"நான் சுகம்தானேயடா கேட்டனான்."

"ஆரெண்டு சொல்லாமல் கேட்டிருக்கலாமே!"

"ஆரெண்டு சொல்லாமல் கேக்கிறது மரியாதையோடா?"

அவன் பெருமூச்சு விட்டது கடல் தாண்டிக் கேட்டது. "இனி ஒரு எழுத்தும் எழுத வேண்டாம். போனை நிப்பாட்டி வையுங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அன்று பின்னேரம் வீட்டில் ஆலோசனை நடந்தது. செல்வநாயகம் நிதானமான மனிதர். அவருடைய யோசனையும் நிதானமாக வந்தது. "பேசாமல் கொண்டுபோய்க் குளத்துக்குள்ள எறிஞ்சு விடுவம். தண்ணிக்குள்ள விழுந்தது எண்டு அவன் எழுதினது மெய்யாப் போகும்."

"முல்லைத்தீவில மீன்பிடிக்கிற ஆக்களின்ர வலையில அம்பிட்டது எண்டு எழுதுங்கோ அம்மா" என்றாள் கிருசாந்தி. "கடல் எல்லாம் ஒண்டுதானே?"

"நோர்வேக் கடலில விழுந்த போன் முல்லைத்தீவில கரையொதுங்கி, துடைச்சுப்போட்டு உடனே படம் எடுக்குமோடி?"

"அதுக்கும் ஒரு காரணம் எழுதுங்கோ. உங்களுக்கு எழுதத் தெரியாத காரணமே!"

அது உண்மைதான். மனுவில் பொய் எழுதாத புனிதவதி இல்லை அவள். எப்போதோ கண்ணை மூடிவிட்ட மாமனாரைப் பாஸுக்காகத் திரும்பத் திரும்பச் சாகக்கிடக்க வைத்தவள். அதற்காக அவள் வெட்கப்பட்டதும் இல்லை. ஆனால் அந்த அதிகாரிகள் எவரும் தங்கள் முழங்காலைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை. இங்கரிடம் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. தன் நோவைச் சொன்ன ஒரு மனுஷியிடம் எப்படிப் பொய் சொல்வது?

அடுத்த நாள் காலையில் செல்வநாயகத்தின் போனில் தம்பியைப் பிடித்தாள். ஒரு கேள்வி அவளை இரவு முழுக்க அரித்திருந்தது.

"நீ ஏன்டா அவையளிட்டைக் கேக்கேல்லை? பழைய போன் ஒண்டு, அக்காவுக்குக் குடுக்கட்டோ எண்டு கேட்டிருக்கலாம்தானே?"

கோகுலன் ஒரு கேள்வியையே திருப்பிக் கேட்டான்.

"அக்கா, உங்கட மனுவளைக் கொண்டுபோய்க் குடுத்தது ஆர் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"நீதான்."

"நான்தான். விடியச் சைக்கிளில போய் வரிசையில நிப்பன். வெயில் ஏறினாப்பிறகு ஒருத்தர் வந்து 'நாளைக்கு வா' எண்டுவார். பேந்து நாளைக்குப் போவன். ஒரு பற்றரிக்கு அக்கா. ஒரு மண்ணெண்ணைத் துண்டுக்கு. அப்ப எனக்கு மீசையும் முளைக்கேல்லை. இஞ்ச வந்து இறங்கின அண்டைக்கே நினைச்சனான், இனி ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கிறேல்லை எண்டு. நான் வெளிக்கிட்ட அண்டைக்குப் படலையில நிண்டனீங்கள். தர வேணும் போல இருந்தது. தந்தனான். அவ்வளவுதான்."

சிவனேஸ்வரியின் மனுக்களை ஊர் இன்றைக்கும் புகழ்கிறது. அவளுக்கும் அதில் பெருமைதான். மர நிழலில் இருந்து எழுதியவள் அவள், வெயிலில் நின்றவன் அவன். அந்த வெயிலை அவள் ஒரு நாளும் கணக்கில் எடுத்ததில்லை. தம்பியைக் கட்டிப் பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. கையில் இருந்ததோ வெடித்த திரையுள்ள ஒரு போன்.

"சரி, நீ கேக்க வேண்டாம்" என்றாள். "நான் கேக்கிறன்."

"அக்கா, வேண்டாம்..."

"இது கடைசி மனு. நீ பேசாமல் இரு."

அவளுக்கு வழி தெரிந்துவிட்டது. வன்னியில் காணி பிடிக்கிற வழிதான் அது. முதலில் பற்றையை வெட்டுவார்கள், கொட்டில் போடுவார்கள், கிணறு வெட்டித் தென்னம்பிள்ளை வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் பேர்மிட் கேட்டுப் போவார்கள். காணிக் கந்தோரில் அதிகாரிகள் ஏசுவார்கள், பிறகு பெரும்பாலும் கொடுப்பார்கள். அப்படிப்பட்ட மனுக்கள் எத்தனையோ அவள் எழுதியிருக்கிறாள். அவற்றுக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: செய்ததை ஒளிக்கக் கூடாது. கொட்டில் நிற்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும்போது இல்லை என்று எழுதி என்ன பயன்? செய்தது பிழை, ஆனால் வேர் விட்டுவிட்டது, இனி அனுமதி தாருங்கள் என்றுதான் கேட்க வேண்டும். காணிக்குச் சரிவந்தது போனுக்கும் சரிவரும் என்று அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மதகுக்குப் போனாள். பெட்டி வர வேண்டுமென்றால் ஏதாவது ஒரு கோப்பை அழுத்தியே ஆக வேண்டும். கையில் பட்ட ஒரு வினாத்தாளை அழுத்தினாள். பெட்டி வந்தது.

'அன்புள்ள இங்கர் அம்மா, முழங்கால் எப்படி? இந்தப் போன் கடலில் விழவில்லை. என் தம்பி எழுதிக் கொடுத்தது பொய். முன் அனுமதி பெறாமல் அவர் இதைத் தந்ததும், நான் வைத்திருந்து பாவித்ததும் தவறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

தொடர்ச்சி. அவர் பேராசையால் இதைச் செய்யவில்லை. கேட்கப் பிடிக்காமல் கேட்காமல் விட்டார். சிறு வயதில் எனக்காக வரிசையில் நின்று கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர். அந்தக் களைப்பு என்னால் வந்தது. காரணம் எழுதச் சொல்லி இந்தப் பெட்டி கேட்கிறது. இதுதான் காரணம்.

தொடர்ச்சியின் தொடர்ச்சி. போனைத் திருப்பித் தரச் சொன்னால் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். வைத்திருக்கலாம் என்றால் இன்று தொடக்கம் அனுமதி தரவும். எப்படியானாலும் அவருடைய வேலையை எடுக்க வேண்டாம். இந்த முறை எனக்குக் கோப்பு எதுவும் தேவையில்லை.'

கிருசாந்தி தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "அனுப்புங்கோ அம்மா" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை சிவனேஸ்வரிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கறிக்கு உப்பை இரண்டாம் தரமும் போட்டாள். கோழிக்குப் போட்ட அரிசியை மறந்து மறுபடியும் போட்டாள். கோழிகளுக்கு அன்று நல்ல காலம். மத்தியானத்துக்குப் பிறகு பொறுக்க முடியாமல் மகளையும் கூட்டிக்கொண்டு மதகுக்குப் போனாள். பதில் எதுவும் இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வாய்க்காலைப் பார்த்தபடி இருந்தார்கள்.

திடீரென்று திரை கறுத்தது. பற்றரி முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்தாள். பிறகு தானாகவே வெள்ளை வெளேர் என்று விழித்து, ஏதேதோ மொழிகளில் மாறி மாறி வணக்கம் சொல்லத் தொடங்கியது.

கிருசாந்தி போனைப் பறித்துப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறிவிட்டது. "அம்மா, அவையள் அங்க இருந்தே எல்லாத்தையும் அழிச்சுப்போட்டினம். ஒண்டும் இல்லை."

படங்கள் இல்லை. வினாத்தாள்கள் இல்லை. லாண்ட்மாஸ்டர் வீடியோ இல்லை. முழங்கால் நலம் இல்லை என்று இங்கர் எழுதிய பதிலும் இல்லை. சிவனேஸ்வரியின் மனுக்கள் நிராகரிக்கப்பட்டது உண்டு. கிழித்து எறியப்பட்டதும் உண்டு. இப்படிக் கேட்ட இடமே தெரியாமல் துடைத்துவிட்டது இதுதான் முதல் தடவை. தம்பியின் வேலை போய்விட்டது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. எழும்பாமல் மதகுக் கட்டிலேயே இருந்துவிட்டாள். ஒரு சுகம் விசாரிப்பு. போயும் போயும் ஒரு சுகம் விசாரிப்பு.

செல்வநாயகம் சைக்கிளை வேகமாக மிதித்துக்கொண்டு வந்தார். அவர் சைக்கிளை வேகமாக மிதித்து ஊரில் யாரும் கண்டதில்லை. "இந்தாரும், கோகுலன் லைனில நிக்கிறான். உம்மட்டைத்தான் கதைக்க வேணுமாம்" என்று தன் போனை நீட்டினார்.

"தம்பி..." என்றாள்.

"அக்கா, வேலை இருக்கு."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "வடிவாச் சொல்லடா" என்றாள்.

"மனேச்சர் நல்லாக் கிழிச்சார். எச்சரிக்கைக் கடிதம் ஒண்டு தந்திருக்கினம், அதோட விட்டுட்டினம். போன்களுக்குப் பொறுப்பான அந்த இங்கர் மனிசி வந்து உங்கட மனு எல்லாத்தையும் மொழிபெயர்த்து மேசையில வைச்சிட்டா. முதல் மனுவிலயே இந்த போன் ஆரிட்டை இருக்கெண்டு தனக்குத் தெரியுமாம், சொல்லாமல் விட்டது தன்ர பிழையாம். மனேச்சர் கடைசி மனுவை ரெண்டு தரம் வாசிச்சார். வாசிச்சுப்போட்டு என்ன கேட்டவர் தெரியுமே? 'பழைய போன் எல்லாம் ஒரு மட்டைப்பெட்டிக்குள்ள சும்மா கிடக்குது. கேட்ட ஆக்களுக்கெல்லாம் குடுத்தனாங்கள். நீ ஏன் கேக்கேல்லை?' எண்டு. எல்லாரும் கேட்டு வாங்கியிருக்கினம் அக்கா. நான் ஒருத்தன்தான் கேக்கேல்லை."

"அப்ப போன் ஏனடா செத்துப்போச்சு?"

"சாகேல்லை. கொம்பனியின்ர பூட்டைக் கழட்டினால் எல்லாம் அழிஞ்சுதான் திறக்குமாம். இங்கர்தான் கழட்டி விட்டவா. இனி அது உங்கட சொந்த போன்."

இதற்குள் கிருசாந்தி போனை மறுபடி உயிர்ப்பித்து, வலைத்தளத்தைத் தேடிப் பிடித்து, வினாத்தாள் ஒன்றை அழுத்தியிருந்தாள். "அம்மா, இறங்கிட்டுது! ஒரு கேள்வியும் கேக்கேல்லை!" என்று மதகில் நின்று துள்ளினாள்.

சிவனேஸ்வரி அந்தப் போனையும் வாங்கிப் பார்த்தாள். ஒன்றை அழுத்தினாள், வந்தது. இன்னொன்றை அழுத்தினாள், அதுவும் வந்தது. மூடியில்லாத குடத்தில் மழை விழுவது போல எல்லாம் அதன்பாட்டில் வந்து விழுந்துகொண்டிருந்தன. அவள் தேடியது வரவில்லை.

"பெட்டி எங்க பிள்ளை?"

"பெட்டி இல்லை அம்மா. இனி ஆரிட்டையும் ஒண்டும் கேக்கத் தேவையில்லை."

மகள் அதைச் சந்தோசமாகத்தான் சொன்னாள். சந்தோசப்பட வேண்டிய விஷயமும்தான். வாழ்நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டே வாங்கியவளுக்குக் கேட்காமல் கிடைக்கிற ஒரு பொருள். ஆனால் சிவனேஸ்வரிக்கு ஒரு வீட்டுக்குப் போன இடத்தில் படலை பூட்டிக் கிடப்பது போல இருந்தது.

"அப்ப அந்த மனிசியின்ர முழங்கால் எப்பிடியெண்டு நான் எங்க கேக்கிறது?"

செல்வநாயகத்தின் போனில் கோகுலன் இன்னும் இருந்தான். அவள் அதைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"தம்பி, நாளைக்கு வேலைக்குப் போனவுடன முதல் வேலையா இங்கரிட்டைப் போ. போய் முழங்கால் எப்பிடி இருக்கு எண்டு கேள்."

"அக்கா, அவா ஆரோடயும் கதைக்கிறேல்லை. குட் மோர்னிங் சொன்னாலும் தலையைத்தான் ஆட்டுவா. இஞ்ச அப்பிடிக் கேக்கிற வழக்கமில்லை."

"ஒண்டும் வாங்கிறதுக்குக் கேக்கச் சொல்லேல்லையடா. சும்மா கேள்."

வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கோல் கட்டாகிவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள்.

"அவா நொண்டி நொண்டித்தான் நடக்கிறவா அக்கா" என்றான் மெதுவாக. "இவ்வளவு வருசமாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். ஒரு நாளும் ஏனெண்டு கேட்டதில்லை." பிறகு, "கேக்கிறன்" என்றான்.

"என்ர பேரைச் சொல்லிக் கேள்" என்றாள் சிவனேஸ்வரி. "ஆரெண்டு சொல்லாமல் கேக்கிறது மரியாதை இல்லை."